லேசர் தூர அளவி: எங்கிருந்து, எதுவரை என்பதை அறிந்து அளத்தல்

வேலைத்தளங்களில் லேசர் டேப் என்றும் லேசர் மீட்டர் என்றும் அழைக்கப்படும் கையடக்கத் தூர அளவி, பொத்தானை அழுத்திய நொடியில் மில்லிமீட்டர் வரை ஓர் எண்ணைக் காட்டிவிடுகிறது. அந்த எண் அத்தனை உறுதியாகத் தோன்றுவதுதான் சிக்கல். சாதாரண டேப்பால் அளக்கும்போது அது தொய்வதும் முனை நழுவுவதும் கண்ணுக்குத் தெரியும். லேசரில் தவறு நேர்ந்தாலும் திரையில் அதே மூன்று தசம இடங்கள் தெளிவாக நிற்கும். கருவி தவறாகக் கணக்கிடுவது அரிது. தன் உடலின் ஏதோ ஒரு விளிம்பிலிருந்து, ஒளியைத் திருப்பி அனுப்பிய ஏதோ ஒரு பரப்பு வரையிலான நேர்கோட்டுத் தொலைவை மட்டுமே அது சொல்கிறது. அந்த விளிம்பு எது, அந்தப் பரப்பு எது, இடையிலுள்ள கோடு சாய்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அளப்பவர்தான்.

கருவியின் முகப்பைப் பார்த்தால் இரண்டு திறப்புகள் தெரியும். சிறியதிலிருந்து ஒளி வெளியேறுகிறது. பெரிய வில்லை, இலக்கில் பட்டுச் சிதறித் திரும்பும் ஒளியைச் சேகரிக்கிறது. ஒரு மீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்ப ஒளிக்கு ஏறத்தாழ 6.7 நானோவினாடி போதும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டை அறிய வேண்டுமென்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தைப் பிரித்துணர வேண்டும். அதனால் பெரும்பாலான கருவிகள் ஒளியின் செறிவை மிக வேகமாக ஏற்றி இறக்கி அனுப்பி, திரும்பி வரும் ஏற்ற இறக்கம் அனுப்பியதைவிட எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதை ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிடுகின்றன. 1993-இல் லைக்கா நிறுவனத்தின் டிஸ்டோ வெளிவந்ததிலிருந்து இது கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியாகிவிட்டது. பயன்படுத்துபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம் எளியது: பெரிய வில்லையை விரலோ, தூசியோ, கருவியின் கைக்கயிறோ மறைக்கக் கூடாது.

கண்ணின் பாதுகாப்பு

கருவியின் முதுகிலோ பக்கவாட்டிலோ மஞ்சள் நிற எச்சரிக்கை ஒட்டி இருக்கும். அதில் லேசரின் வகுப்பு, அலைநீளம், உச்ச வெளியீடு ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் ஐஇசி எனப்படும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60825-1 தரநிலையின் 2ஆம் வகுப்பைச் சேர்ந்தவை. அதாவது கண்ணுக்குத் தெரியும் 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்தில், தொடர் ஒளியாக 1 மில்லிவாட்டைத் தாண்டாதவை. இந்த ஒளி தற்செயலாகக் கண்ணில் பட்டால், கால் வினாடிக்குள் இமை மூடும் அல்லது தலை திரும்பும் என்ற இயல்பான எதிர்வினையே போதிய காப்பு என்று அந்த வகுப்பு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இமையை அடக்கிக்கொண்டு வேண்டுமென்றே ஒளியைப் பார்ப்பவருக்கு அந்தக் காப்பு இல்லை. மதுவோ சில மருந்துகளோ இந்த எதிர்வினையை மந்தப்படுத்தும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வகுப்பு குறிக்கப்படாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது.

ஒளிக்கற்றையை மனிதர் மீதோ, விலங்கு மீதோ, ஓடும் வாகனத்தின் மீதோ, வானூர்தியின் திசையிலோ காட்டக் கூடாது. கண்ணுக்குக் காயம் ஏற்படாத அளவு ஒளிகூட, வண்டி ஓட்டுபவரின் பார்வையை ஒரு நொடி மறைத்துவிடும். பைனாகுலர், தொலைநோக்கி போன்றவற்றின் வழியாகக் கற்றையை நேராகப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது; அவை பரந்த ஒளியைத் திரட்டிக் கண்ணுக்குள் செலுத்துபவை. கண்ணாடி, மெருகேற்றிய கிரானைட், பளபளக்கும் எஃகுத் தகடு ஆகியவற்றில் பட்டால் கற்றை சிதறாமல் வேறு திசைக்குத் திரும்பக்கூடும் என்பதால், அத்தகைய பரப்புள்ள அறையில் ஒளியை இயக்கும் முன்பே அது எங்கே போய் விழும் என்று யோசிக்க வேண்டும். பிறர் நடமாடும் இடத்தில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்தையும் நின்றவரின் கண்மட்டத்தையும் தவிர்த்து, இடுப்பு உயரத்திலோ தலைக்கு மேலோ அளப்பது பெரும்பாலும் இயலும்.

சில கருவிகளுடன் சிவப்பு நிறக் கண்ணாடி ஒன்று தருவார்கள் அல்லது தனியே விற்பார்கள். சிவப்பு லேசர் புள்ளியை வெளிச்சத்தில் தெளிவாகக் காண உதவுவதற்கானது அது. கண்ணைக் காக்கும் கண்ணாடி என்று அதை நம்பிவிடக் கூடாது. லேசரின் சிவப்பு ஒளியைத் தடையின்றி உள்ளே விடுவதுதான் அதன் வேலையே. வெயில் கண்ணாடியாகப் போட்டுக்கொள்வதும் வண்டி ஓட்டும்போது அணிவதும் தவறு.

லேசரைவிட, திரையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பதுதான் அதிகம் காயப்படுத்தும் என்பது என் எண்ணம். மாடிப்படி விளிம்பு, கைப்பிடிச் சுவர் இல்லாத தளம், ஏணியின் மேற்படி ஆகிய இடங்களில் கால் நிலையாக நின்ற பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். எண்ணைப் பிறகு படித்துக்கொள்ளலாம், திரை சிறிது நேரம் காத்திருக்கும். எளிதில் தீப்பற்றும் வாயுவோ ஆவியோ உள்ள இடத்தில் சாதாரணக் கருவியை இயக்கக் கூடாது. கருவி இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கும் தொடர் அளவீட்டு நிலையில் ஒளி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால், அந்த நிலையில் கருவியை மேசைமீது வைத்துவிட்டு நகரக் கூடாது.

எங்கிருந்து

அளவு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதைத் திரையின் மூலையிலுள்ள ஒரு சிறு சின்னம் காட்டும். பின்விளிம்பு, முன்விளிம்பு, டிரைபாட் பொருத்தும் திருகுத் துளை, மடித்து விரிக்கும் முனைத்தகடு என இத்தேர்வுகள் கருவிக்குக் கருவி மாறும். கருவியின் முதுகைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு முன்விளிம்பைத் தேர்ந்திருந்தால், கருவியின் நீளம் எவ்வளவோ அவ்வளவும், பல கருவிகளில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர், அளவில் குறைந்துபோகும். அறையின் பத்து மீட்டர் நீளத்தில் இந்தக் குறை எளிதில் கண்ணில் படாது. அதே அளவை நம்பி மரம் அறுத்த பிறகுதான் தெரியவரும். டிரைபாடில் வைத்து அளக்கும்போது தேர்வை மாற்றுபவர்கள், கருவியை அணைத்து மீண்டும் இயக்கினால் பல மாதிரிகள் தாமாகவே பின்விளிம்புக்குத் திரும்பிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் முன் அந்தச் சின்னத்தை ஒருமுறை பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும்.

மூலைவிட்டம் அளக்க அறையின் மூலைக்குள் கருவியைத் திணித்தால், அதன் அகலமான முதுகு மூலையின் உச்சியைத் தொடாது. முனைத்தகட்டை முழுதாக நீட்டி அதன் நுனியை மூலையில் நிறுத்த வேண்டும். நீட்டியதைத் தானே உணர்ந்து கணக்கில் சேர்க்கும் கருவிகளும் உண்டு, கையால் தேர்ந்தால்தான் சேர்ப்பவையும் உண்டு. கையேட்டில் இந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிட வேண்டும்.

சுவரில் ஒட்டியிருக்கும் சிமென்ட் துணுக்கு ஒன்று செய்யும் வேலையைப் பாருங்கள். கருவியின் முதுகு 50 மில்லிமீட்டர் அகலம் என்று கொண்டால், ஒரு பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் துணுக்கு மாட்டிக்கொண்டதும் கருவி ஒரு பாகைக்குச் சற்று மேல் திரும்பிவிடும். பத்து மீட்டருக்கு அப்பால் புள்ளி 20 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். அளவோ இரண்டு மில்லிமீட்டர்தான் மாறும், ஆனால் புள்ளி விழுந்த இடத்தில் சுவர் இல்லாமல் கதவு நிலையோ சன்னல் மாடமோ இருந்தால் பிழை சென்டிமீட்டர்களில் வந்து நிற்கும். கையால் சுவரை ஒருமுறை தடவிவிட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எதுவரை

புள்ளி என்று சொன்னாலும் அது புள்ளியாக நீடிப்பதில்லை. பத்து மீட்டரில் சில மில்லிமீட்டர் விட்டமும், ஐம்பது மீட்டரில் சில சென்டிமீட்டர் விட்டமும் உள்ள ஒளித்திட்டாக அது விரிந்துவிடும். தூண் விளிம்பிலோ கம்பியிலோ பாதித் திட்டு பட்டு, மீதிப் பாதி பின்னால் உள்ள சுவரில் பட்டால், கிடைக்கும் எண் இரண்டில் எதற்கும் சொந்தமில்லாததாக இருக்கக்கூடும். விளிம்பை அளக்க வேண்டுமென்றால் அங்கே ஓர் அட்டையை நிறுத்தி, அதன்மேல் முழுத் திட்டும் விழும்படி செய்ய வேண்டும்.

நல்ல இலக்கு என்பது வெளிறிய நிறமுள்ள, பளபளப்பற்ற, ஒளி ஊடுருவாத பரப்பு. கண்ணாடியும் தண்ணீரும் ஒளியின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். நிலைக்கண்ணாடி வேறொரு சுவரின் தொலைவைக் காட்டும். தெர்மோகோல் போன்ற நுண்துளைப் பொருள்களுக்குள் ஒளி சற்று ஊடுருவிய பின்பே திரும்புவதால் அளவு கூடலாம். கறுப்புப் பரப்பு ஒளியை உறிஞ்சுவதால் கருவி பிழைக்குறியைக் காட்டலாம். மூடிய சன்னல் கண்ணாடி வழியாக வெளியே இருப்பதை அளக்க முயல்வதும் வீண்.

வெயில் இதையெல்லாம் இன்னும் கடினமாக்கும். பெட்டியில் 50 மீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் அது சாதகமான சூழலுக்கான எண். நண்பகல் வெளிச்சத்தில் அதில் ஒரு பகுதியே கைக்கு வரும். ±1.5 அல்லது ±2 மில்லிமீட்டர் என்று குறிக்கப்படும் துல்லியத்துக்கும் இது பொருந்தும். கையடக்க லேசர் அளவிகளைச் சோதிக்க ஐஎஸ்ஓ 16331-1 என்ற தரநிலை உண்டு; அதைச் சுட்டும் கருவிகளின் விவரத்தாளில் சாதகமான சூழல், பாதகமான சூழல் என இரண்டு வரிகள் தனித்தனியே இருப்பதைப் பார்க்கலாம். வெளியில் அளக்கும்போது இலக்கின் மீது நிழல் விழச் செய்வது, வெள்ளை அட்டையையோ கருவிக்குரிய இலக்குத் தகட்டையோ பயன்படுத்துவது, காலை அல்லது மாலை வேளையைத் தேர்வது ஆகியவை உதவும். பெரிய வில்லையைச் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது.

இடையிலுள்ள கோடு

சாய்ந்த கோடு எப்போதும் நீளமானது. பத்து மீட்டர் தொலைவில் கருவி ஒரு பாகை சாய்ந்தால் 1.5 மில்லிமீட்டர் கூடும். இரண்டு பாகைக்கு 6 மில்லிமீட்டர். ஐந்து பாகைக்கு 38 மில்லிமீட்டர். பிழை சாய்வோடு சேர்ந்து சீராக வளராமல் பெருகி வளர்வதை இந்த எண்களில் காணலாம். அதனால் சிறு நடுக்கத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியும் சாய்வை விட்டுவிடவும் முடியாது. இதற்குச் சிறந்த வழி தொடர் அளவீடுதான். பின்விளிம்பின் ஒரு முனையை அசையாமல் நிறுத்தி, ஒளியை மெதுவாக இடவலமாகவும் பிறகு மேலும் கீழுமாகவும் அசைத்தால், கருவி குறைந்த அளவையும் கூடிய அளவையும் தனித்தனியே பதிவு செய்துகொள்ளும். சுவருக்குச் சுவர் செங்கோணத்தில் உள்ள தொலைவு வேண்டுமென்றால் குறைந்ததை எடுக்க வேண்டும். மூலைக்கு மூலை வேண்டுமென்றால் மூலையைச் சுற்றி அசைத்துக் கூடியதை எடுக்க வேண்டும். சாய்வு உணரி உள்ள கருவி கிடைமட்டத் தொலைவைத் தானே கணக்கிட்டுத் தரும். தனி ரசமட்டத்தோடு சேர்த்துப் பிடிப்பதும் போதும். நீண்ட தொலைவில் பொத்தானை அழுத்தும் அசைவே கற்றையைத் தள்ளிவிடும் என்பதால், டிரைபாடையும், அழுத்திச் சில வினாடி கழித்து அளக்கும் தாமத அளவீட்டையும் பயன்படுத்த வேண்டும்.

சுவருக்கு ஒரு கிடைக்கோட்டையும் உச்சிக்கு ஒரு சாய்கோட்டையும் அளந்து, எட்டாத உயரத்தைப் பித்தாகரஸ் தேற்றத்தால் கணக்கிடும் வசதி பல கருவிகளில் உண்டு. கவர்ச்சியான வசதி; எச்சரிக்கையோடு தொட வேண்டியதும் அதுவே. சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று மூன்று மீட்டர் உயரத்தைக் கணக்கிட்டால், சாய்கோட்டில் நேரும் 2 மில்லிமீட்டர் பிழை உயரத்தில் 7 மில்லிமீட்டராகப் பெருகும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அதே பிழை 3 மில்லிமீட்டருக்குள் அடங்கும். கிடைக்கோடு சுவருக்குச் சரியான செங்கோணத்தில் இல்லாவிட்டாலோ, இரண்டு அளவுகளுக்கும் கருவியின் தொடக்கப் புள்ளி இடம் மாறிவிட்டாலோ, கிடைக்கும் உயரத்துக்குப் பொருளே இல்லை. தோராயத் திட்டத்துக்கு இந்த எண் போதும். வெட்டி ஒட்ட வேண்டிய வேலைக்கு நேரடி அளவுதான் வேண்டும்.

அறையை அளப்பவர்கள் ஒரே இடத்தில் ஒருமுறை அளந்து முடித்துவிடுகிறார்கள். எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருப்பது அரிது. இரு ஓரங்களிலும் நடுவிலும், தரையருகேயும் மேலேயும் அளந்து, அலமாரி போன்றவற்றுக்குக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். பூச்சுக்கு முன் அளந்ததா, பின் அளந்ததா என்பதைக் குறிப்பேட்டில் எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும். மீட்டரா அடியா என்பதையும் அப்படியே.

கருவியைச் சோதித்தல்

பின்விளிம்பு தேய்ந்தோ கருவி கீழே விழுந்தோ தொடக்கப் புள்ளி பிசகியிருக்கிறதா என்று அறிய, ஒரே நேர்கோட்டில் மூன்று புள்ளிகளைக் குறித்துக்கொள்ளலாம். முதலிலிருந்து கடைசி வரையிலான முழுத் தொலைவையும், இடைப்புள்ளியால் பிரியும் இரண்டு துண்டுகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். கருவியில் நிலையான பிழை இருந்தால் முழு அளவில் அது ஒருமுறையும், துண்டுகளின் கூட்டுத்தொகையில் இருமுறையும் சேரும். ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்தப் பிழை. ஒவ்வொன்றையும் மூன்று நான்கு முறை அளந்து சராசரி எடுத்தால் முடிவு நம்பத்தக்கதாக இருக்கும். தொலைவுக்கு ஏற்பக் கூடும் பிழையை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு நல்ல எஃகு டேப்போடு சில மீட்டர் தொலைவில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு சுருக்கமானதுதான். வில்லையை முதலில் ஊதித் தூசியை அகற்றி, பிறகு மென்மையான துணியால் துடைக்க வேண்டும். தின்னரோ ஸ்பிரிட்டோ வேண்டாம். ஐபி54 என்ற குறி தூசியையும் தெறிக்கும் நீரையும் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது, நீரில் முக்கலாம் என்று சொல்லவில்லை. குளிரூட்டிய அறையிலிருந்து ஈரமான வெப்பக் காற்றுக்குக் கொண்டு வந்தால் வில்லையில் நீர் படியும். அது மறையும் வரை அளக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுச் செல்லவும் கூடாது. நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் கசிந்து முனைகளை அரித்துவிடும். பேட்டரி, வெப்பநிலை, இலக்கு எல்லாம் சரியாக இருந்தும் பிழைக்குறி தொடர்ந்தால் உறையைத் திறக்காமல் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும்; திறந்த உறைக்குள் லேசரின் வெளியீட்டுக்கு எச்சரிக்கையில் எழுதிய வகுப்பு பொறுப்பேற்காது.