பழைய மலிவு கிட்டாருக்கு விலை போடும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் பக்கத்து ஊர்த் தமிழ்ப் பையன் ஒருவன் ஹார்மனி கம்பெனியின் ராக்கெட் மாடல் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "600 டாலர் கொடுத்தேன் அண்ணா. 1965-இல் செஞ்சது. ரெண்டு பிக்கப்பும் வேலை செய்யுது. நல்ல விலைதானே?" என்றான். (பிக்கப் என்பது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் காந்தப் பாகம்.) கையில் வாங்கி, ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பார்த்ததுமே எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் நான் என் முதல் ராக்கெட்டில் எதைப் பார்க்கத் தவறினேனோ, அதையேதான் அவனும் பார்க்காமல் விட்டிருந்தான். இந்த மாதிரி என்னிடம் வந்தவர்களில் அவன் நாலாவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதே, விற்பவர் கேட்கும் விலையைச் சந்தை விலை என்று நினைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் இருப்பது சிகாகோவுக்கு வெளியே. மலிவு கிட்டார்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஹார்மனி, கே, வால்கோ மூன்றும் இந்த நகரத்துத் தொழிற்சாலைகள். தபாலில் பட்டியல் அனுப்பிச் சரக்கு விற்ற சியர்ஸும் மான்ட்கோமரி வார்டும் இங்கேதான் இருந்தன. 1960-களில் அமெரிக்கப் பிள்ளைகள் பலருக்கு முதல் கிட்டார் அந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தது. 1968 வாக்கில் வால்கோ மூடப்பட்டது, கே நொடித்துப்போனது, ஹார்மனி 1975 வரை தாக்குப்பிடித்தது. அந்தக் கிட்டார்கள் மட்டும் இன்னும் இந்தப் பக்கத்து வீடுகளின் பரண்களிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன.

ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலைப்பகுதியில்) இருக்கும் பெயருக்கு விலை போடுவது

சில்வர்டோன் என்று ஒரு கிட்டார் தொழிற்சாலை இருந்ததே இல்லை. அது சியர்ஸ் ஒட்டிய பெயர். அந்தப் பெயரோடு ஹார்மனி செய்த கிட்டாரும் உண்டு, கே செய்ததும் உண்டு, நியூ ஜெர்சியில் டேன்எலக்ட்ரோ செய்ததும் உண்டு, பிற்பாடு ஜப்பானில் டெய்ஸ்கோ செய்ததும் உண்டு. நான்குக்கும் விலை வேறு, வரக்கூடிய கோளாறும் வேறு.

ஏர்லைன் என்பது மான்ட்கோமரி வார்டின் பெயர். ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட் கையில் பார்த்த சிவப்பு ஏர்லைனை வால்கோ செய்தது; உடம்பு ஃபைபர் கிளாஸ். அதைப் பார்த்துவிட்டு ஏர்லைன் என்று எழுதியிருக்கும் எந்தக் கிட்டாருக்கும் அந்த விலையைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதே பெயரில் ஹார்மனியும் கேயும் செய்த சாதாரணக் கிட்டார்கள் ஏராளம். யார் செய்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், விலையைப் பிறகு பேசலாம்.

நெக்கின் (கிட்டாரின் கழுத்தின்) கோணத்தைப் பார்க்காமல் வாங்குவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

என் முதல் ராக்கெட்டை ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் 350 டாலருக்கு வாங்கினேன். கீறல் இல்லை, பிக்கப்புகளில் நல்ல சத்தம், டியூனர்கள் ஒழுங்காகச் சுற்றின. ஸ்ட்ரிங்குகள் தளர்ந்து கிடந்தன. விற்றவர், "ரொம்ப நாள் யாரும் வாசிக்கவில்லை, ஸ்லைடு வாசிக்க அருமையாக இருக்கும்" என்றார். ஸ்லைடு என்பது ஒரு குழாயை ஸ்ட்ரிங் மேல் வழுக்கி வாசிப்பது, அதற்கு ஸ்ட்ரிங் உயரமாக இருந்தால்தான் வசதி. நான் அவர் சொன்னதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் சுருதி ஏற்றிப் பார்த்தால், 12-ஆவது ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஸ்ட்ரிங் 5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. விரலால் அழுத்த முடியவில்லை. பிரிட்ஜை இறக்கலாம் என்று சக்கரத்தைத் திருகினால், அது ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தது.

ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி ஒட்ட 500 டாலர், கழற்றும்போது ஃப்ரெட் வேலை வந்தால் அது தனி என்றார். நான் வாங்கிய விலையைவிட ரிப்பேர் செலவு அதிகம். கடைசியில் உள்ளதை உள்ளபடி சொல்லி 200-க்கு விற்றேன்.

ஏன் இப்படி ஆகிறது? ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 40 கிலோ விசையோடு இழுக்கின்றன. அந்தக் காலத்துத் தடித்த ஸ்ட்ரிங் என்றால் இன்னும் அதிகம். ராக்கெட்டின் உடம்பு உள்ளே காலி, நெக் பசையால் ஒட்டியது. அறுபது வருடம் இழுத்தால் ஒட்டிய இடமும் அதைச் சுற்றியுள்ள மரமும் மெல்ல இடம் கொடுக்கும். நெக் முழுசாக முன்பக்கம் சாயும்.

நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சரியாகாது. நெக் வில் மாதிரி வளைந்திருந்தால்தான் ட்ரஸ் ராட் உதவும். உடம்போடு சேரும் கோணம் மாறியிருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தெரியாமல் இறுக்கி, பழைய ராடின் மரையைத் தேய்த்துவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே போகும்போது ஒரு டியூனர், மில்லிமீட்டர் போட்ட சின்ன ஸ்டீல் ஸ்கேல், ஒரு கேப்போ (ஸ்ட்ரிங்குகளை ஃப்ரெட்டோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப்), ஒரு விசிட்டிங் கார்டு எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் சரியான சுருதிக்கு ஏற்றுங்கள். ஸ்ட்ரிங் தளர்ந்திருந்தால் எந்த நெக்கும் நல்ல நெக்காகத்தான் தெரியும். விற்பவர் ஏற்ற விடவில்லை என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். அப்புறம் 12-ஆவது ஃப்ரெட்டின் தலையிலிருந்து ஆறாவது ஸ்ட்ரிங்கின் அடிவரை அளந்து பாருங்கள். 2 மில்லிமீட்டர் சுகமாக இருக்கும், 2.5 பரவாயில்லை. 4-ஐத் தாண்டினால் பிரிட்ஜைப் பாருங்கள். இறக்க இன்னும் இடமிருந்தால் பயமில்லை. இடமில்லை என்றாலோ, பிரிட்ஜின் மேல் மரத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தாலோ, உங்களுக்கு முன்னால் ஒருவர் இதே பிரச்சினையோடு போராடியிருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது கேப்போ. முதல் ஃப்ரெட்டில் மாட்டி, கடைசி ஃப்ரெட்டை விரலால் அழுத்தி, நடுவில் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். காகிதம் நுழையும் அளவுதான் இருக்கிறது, ஆனாலும் ஸ்ட்ரிங் உயரமாக நிற்கிறது என்றால் நெக் நேராக இருக்கிறது, கோணம்தான் போய்விட்டது. கடைசியாக, நெக்கின் அடிப்பகுதி உடம்போடு சேரும் இடத்தில் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது.

விலைக் கணக்கு இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உதாரணத்துக்கு, நன்றாக வாசிக்க வரும் அதே மாடல் 700 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 டாலர் வேலை பாக்கியிருக்கும் கிட்டாரின் மதிப்பு 200 தான். விலை உயர்ந்த கிட்டாரில் இந்த வேலைக்கு ஆகும் செலவு மொத்த மதிப்பில் சின்னப் பங்கு, யாரும் யோசிக்காமல் செய்வார்கள். மலிவு கிட்டாரிலும் ரிப்பேர்காரருக்கு அதே மணி நேரம்தான், அதே கூலிதான். கிட்டார் மலிவு என்பதற்காக அவர் குறைத்து வாங்க முடியாது. இந்த ஒரு விஷயம் புரியாமல்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

டேன்எலக்ட்ரோவிலும் டெய்ஸ்கோவிலும் நெக் ஸ்க்ரூவால் மாட்டியது. கோணம் போயிருந்தால் கழற்றி, குழிக்குள் மெல்லிய மரச்சில் ஒன்றை வைத்துத் திரும்ப மாட்டலாம், அரை மணி நேர வேலை. ஆரம்பிப்பவர்களுக்கு நான் இந்த இரண்டைத்தான் சொல்வேன். ஆனால் இவற்றில் பலவற்றில் திருகக்கூடிய ட்ரஸ் ராடே இருக்காது. நெக் வளைந்திருக்கிறதா என்று மட்டும் நன்றாகப் பாருங்கள்.

"பாட்" என்ற மின் பாகத்தின் எண்ணைக் கிட்டாரின் பிறந்த தேதி என்று நினைப்பது

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் வால்யூம் பாட்டின் (பொடென்ஷியோமீட்டரின்) முதுகில் 1376522 என்று இருந்தால், 137 என்பது அதைச் செய்த சி.டி.எஸ். கம்பெனி, 65 வருடம், 22 வாரம். அந்தப் பாட் 1965-இல் 22-ஆவது வாரம் செய்யப்பட்டது, அவ்வளவுதான். பாட் அசல் என்றால் கிட்டார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, பிந்தையதாக இருக்கலாம். யாரோ மாற்றிய பாட்டாகவும் இருக்கலாம். ஹார்மனியில் இதைவிட நல்ல சாட்சி உள்ளேயே இருக்கிறது. மேல்பலகைத் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மை முத்திரையில் எஃப் அல்லது எஸ் என்ற எழுத்தும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். பக்கத்து எண் வரிசையில் எச் எழுத்துக்குப் பின்னால் வருவது மாடல். எச்53 என்றால் ஒரு பிக்கப் ராக்கெட், எச்54 என்றால் இரண்டு, எச்59 என்றால் மூன்று.

பாலிஷ் போடுவது, பெயின்ட் அடிப்பது

வேண்டாம்.

பழைய பிக்கப்பைக் கழற்றித் தூக்கிப் போடுவது

ஹார்மனியின் பிக்கப்புகளை ஒஹாயோ மாநிலத்து டொலீடோவில் டிஆர்மண்ட் செய்தது. ஒரு காலத்தில் இவற்றைக் கழற்றிவிட்டு, உடம்பை வெட்டி ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பை வைத்தார்கள். அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் டெய்ஸ்கோவின் தங்கத் தகடு பிக்கப்பை மாட்டி வாசித்ததைக் கேட்டபின் நிலைமை மாறியது. இன்று சில மலிவு கிட்டார்களில் கிட்டாரின் பெரும்பகுதி மதிப்பே பிக்கப்பில் இருக்கிறது. வாங்கும்போது பிக்கப் அசல்தானா, உடம்பில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே மாற்றினால் பழையதை ஒரு டப்பாவில் போட்டு கிட்டாரோடு வையுங்கள். ஒரு ஸ்க்ரூவைக்கூட விடாதீர்கள்.

"லாசூட்" என்ற வார்த்தைக்குப் பணம் கொடுப்பது

எழுபதுகளில் ஜப்பானில் செய்த நகல் கிட்டார்களை "லாசூட்", அதாவது வழக்குப் போட்ட கிட்டார், என்று சொல்லி விற்கிறார்கள். வழக்கு ஒன்றே ஒன்று. 1977-இல் கிப்சன் கிட்டார் கம்பெனியின் அப்போதைய தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் மேல் ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காகப் போட்டது. நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. ஜப்பானில் செய்த எல்லாக் கிட்டாருக்கும் இந்தப் பெயர் ஒட்டாது.

ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று கேட்காமல் முடிவு செய்வது

அந்தக் காலத்து ஃப்ரெட்போர்டுகளில் பிரேசில் ரோஸ்வுட் நிறைய உண்டு. அழியும் நிலையில் இருக்கும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அந்த மரம் 1992-இல் சேர்ந்தது. நாட்டு எல்லை தாண்டி அனுப்ப வேண்டுமானால் அரசின் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு விற்றுவிடலாம் என்று வாங்குபவர்கள் இந்தச் செலவையும் காத்திருப்பையும் விலையில் கழிக்க வேண்டும்.

ராக்கெட்டோடு வந்த பையன் அதைத் திருச்சியில் இருக்கும் தம்பிக்குக் கொடுக்கத்தான் வாங்கியிருந்தான். விசிட்டிங் கார்டு பாதி வரை உள்ளே போனது. அவனை எதுவும் திட்டவில்லை, அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, விற்றவரிடம் காட்டிப் பேசச் சொன்னேன். அவர் 250 டாலர் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நெக்கை இந்த வாரம் கழற்றுகிறோம், அவனும் கூட இருந்து பார்க்க வருகிறான்.