வளரும் உருவத்துக்குச் சூத்திரம்: முக்கோண எண்களைக் கழித்துப் பாருங்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெறும் கிளிஞ்சல் ஒரு ஐம்பது போதும். உயிருள்ள சங்கைத் தொடவே வேண்டாம். கட்டம் போட்ட நோட்டைவிட எனக்குக் கிளிஞ்சல்தான் பிடிக்கும், வரிசையைக் கையாலேயே நகர்த்திப் பிரித்துப் பார்க்கலாம்.

1. பாய் விரித்த வள்ளம் ஒன்றை அடுக்குங்கள். உச்சியில் ஒன்று, அதன் கீழே இரண்டு: இது பாய். அடியில் இன்னும் இரண்டு: இது வள்ளம். மொத்தம் 5. அடுத்த படத்தில் பாய்க்கு மட்டும் மூன்று கிளிஞ்சலில் ஒரு வரிசை கூடும்: 8. இப்படியே 12, 17. முப்பதாவது படத்துக்கு எத்தனை வேண்டும்?

2. வித்தியாசம் எடுங்கள்: 3, 4, 5. அதற்கும் வித்தியாசம் எடுத்தால் 1, 1. இரண்டாம் வித்தியாசம் மாறாமல் 1 என்று நின்றால் உள்ளே முக்கோண எண் (1, 1+2, 1+2+3 என்று வரிசை வரிசையாக வளரும் முக்கோணத்தின் மொத்தம்) இருக்கிறது.

3. முக்கோண எண்கள் 1, 3, 6, 10. நாலு வரிசை முக்கோணத்தைப் போல இன்னொன்றைத் தலைகீழாகப் பக்கத்தில் சேர்த்தால் வரிசைக்கு 5 வீதம் 4 வரிசை, மொத்தம் 20. அதில் பாதி 10. படத்தின் எண்ணை 'ப' என்று வைத்தால், ப × (ப + 1) ÷ 2.

4. நம் எண்களிலிருந்து இவற்றைக் கழியுங்கள். 5−1, 8−3, 12−6, 17−10. மீதி 4, 5, 6, 7.

பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். மீதி 4-ல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூடுகிறது என்றதும் ப + 4 என்று எழுதிவிடுவார்கள். முதல் படத்தில் ப = 1, ஆகவே அது 5 ஆகிவிடும். ஒரு படி பின்னால் போய், முதல் படத்துக்கும் முந்தைய இடத்தில் மீதி என்னவாக இருக்கும் என்று கேளுங்கள்: 3. ஆக மீதி ப + 3.

நம்பிக்கை வரவில்லையா? மூன்றாவது படத்தில் பாயின் கடைசி வரிசையைக் கீழே இழுத்து வள்ளத்தோடு சேருங்கள். மேலே 6 நிற்கும். கீழே 4-ம் 2-ம் சேர்ந்து 6. கடைசி வரிசையில் எப்போதும் ப + 1, வள்ளத்தில் 2. அந்த ப + 3 கண்ணெதிரே கிடக்கிறது.

5. சூத்திரம்: ப × (ப + 1) ÷ 2 + ப + 3. முப்பதாவது படம்: 465 + 33 = 498.

பாடப்புத்தகங்களில் மூன்று சமன்பாடு போட்டுத் தீர்க்கும் வழியும் உண்டு. விடை சரியாகத்தான் வரும், ஆனால் உருவம் ஏன் அப்படி வளர்கிறது என்பதை அது காட்டாது. தொடங்குகிறவர்களுக்குக் கழித்தல்தான் என் தேர்வு. எக்செல் சரிபார்க்க மட்டும்.

பின்சேர்க்கை: தீக்குச்சி முக்கோணங்களை வரிசை வரிசையாக அடுக்கிக் குச்சிகளை எண்ணினால் 3, 9, 18, 30 வரும். முக்கோண எண்ணை ஒருமுறை கழித்தால் மீதி 2, 6, 12, 20, இது சீராக ஏறவில்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். இங்கே இரண்டாம் வித்தியாசம் 3. அது எத்தனையோ அத்தனை முறை கழிக்க வேண்டும். மூன்று முறை கழித்தால் மீதி சுழியம், ஆகவே சூத்திரம் 3 × ப × (ப + 1) ÷ 2.