ஒளிர்ந்தால் மட்டும் போதாது: கட்டியின் நொதியை நானோ துகளால் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுசெல்கள் எம்எம்பி-2, எம்எம்பி-9 போன்ற, புரதத்தை வெட்டும் நொதிகளைச் சுரந்து, அடித்தளச் சவ்வின் (திசுவைத் தாங்கும் மெல்லிய படலத்தின்) கொலாஜன் புரதத்தை அறுத்துக்கொண்டு பரவுகின்றன. இதைப் படமெடுக்க ஒரு வழி, தங்க நானோ துகளில் சிறு பெப்டைடுகளை (அமினோ அமிலச் சங்கிலிகளை) ஒட்டி, அவற்றின் நுனியில் ஒளிர் சாயத்தை வைப்பது. தங்கத்தின் அருகில் சாயம் அணைந்திருக்கும். நொதி பெப்டைடை வெட்டினால் சாயம் விலகி ஒளிரும்.

ஒளியைப் பார்த்ததும் "கட்டி நொதி சுரக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். சாயம் தங்கத்தை விட்டுப் பிரிந்தது, அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. பெப்டைடு பெரும்பாலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தால்தான் தங்கத்தில் ஒட்டியிருக்கும். செல்லுக்குள் மில்லிமோலார் அளவில் இருக்கும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறிலும் அதே கந்தகம் உண்டு. துகளைச் செல் விழுங்கிவிட்டால், குளூட்டாதயோன் பெப்டைடை அப்படியே கழற்றிவிடலாம். எம்எம்பி இல்லாமலே ஒளி வரும். அதனால் எம்எம்பி வெட்டாதபடி அமினோ அமில வரிசையை மாற்றிக் கோத்த பெப்டைடு உள்ள துகளையும் கூடவே சோதியுங்கள். எம்எம்பி தடுப்பான் சேர்த்தும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் ஒளி குறையவில்லை என்றால், நீங்கள் பார்ப்பது வேறு எதையோ. இந்த இரண்டும் இல்லாத படத்தை, எத்தனை அழகாக இருந்தாலும், நான் நம்பமாட்டேன்.

சரி, ஒளியே வரவில்லை என்றால்? சுரப்பு இல்லை என்று அர்த்தமில்லை. இந்த நொதிகள் செயலற்ற முன்வடிவமாகத்தான் வெளியே வருகின்றன. முன்பகுதி அகன்ற பிறகே வெட்டத் தொடங்கும். அப்புறமும் டிம்ப் என்ற இயற்கைத் தடுப்பான்கள் அவற்றைப் பிடித்து வைக்கலாம். சுரந்த மொத்த அளவை எலைசா முறையில் (எதிர்ப்பொருளால் புரதத்தை அளக்கும் சோதனையில்) தனியாக அளந்துகொள்ளுங்கள். ஜெலட்டின் சைமோகிராமோடு (ஜெலட்டின் கலந்த கூழில் நொதிகளைப் பிரித்து, அவை ஜெலட்டினை வெட்டிய இடங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனையோடு) ஒப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்: அதில் சேர்க்கும் எஸ்டிஎஸ் என்ற சலவைப்பொருள் புரதத்தின் மடிப்பைக் குலைப்பதால் முன்வடிவமும் அதில் பட்டையாகத் தெரியும்.

கரைசலில் ஈடிடிஏ என்ற, உலோக அயனிகளைப் பிடிக்கும் பொருள் வேண்டாம். நொதிக்குத் தேவையான துத்தநாகத்தையும் கால்சியத்தையும் அது பிடுங்கிவிடும். செல் வளர்ப்பில் சேர்க்கும் கன்றுச் சீரத்திலும் ஜெலட்டினேஸ்கள் (எம்எம்பி-2, எம்எம்பி-9 வகை நொதிகள்) இருப்பதால், சீரமில்லாத ஊடகமே நல்லது.

எலியில் வேறொரு சிக்கல். நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் எம்எம்பி-9ஐச் சேமித்து வைத்திருக்கின்றன, ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத் திசுச் செல்கள் எம்எம்பி-2ஐச் சுரக்கின்றன. கட்டி இருக்கும் இடம் ஒளிர்ந்தாலும், நொதி புற்றுசெல்லுடையதுதான் என்று அந்தப் படம் சொல்லாது. வெட்டுப்பட்ட சாயமும் பரவி நகர்ந்துவிடும். திசுவை வெட்டியெடுத்துச் சாயமேற்றி, எந்த செல் என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.