கோதுமை மாவில் ட, ப, ம

மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்கவென்று கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் விலை கூடிய சாமான்களைத் தேடி அலைய வேண்டாம். பென்சில் பிடிக்க முதலில் விரலில் வலு வேண்டும். மா பிசைந்தாலே அது வரும்.

ஒரு கப் கோதுமை மாவில் அரைக் கப் தூள் உப்பைக் கலந்து, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். அப்புறம் அரைக் கப் இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குழையுங்கள். ரொட்டி மாப் பதம் வந்தால் சரி, மிச்சத் தண்ணீர் தேவையில்லை. கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மா தூவுங்கள். நிறம் வேண்டுமென்றால் தண்ணீரிலேயே மஞ்சள் தூளோ பீற்றூட் சாறோ கலக்கலாம். மஞ்சள் உடுப்பில் பிடித்தால் லேசில் போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

அளப்பதையும் குழைப்பதையும் பிள்ளையிடமே விடுங்கள். எண்ணிக்கை அங்கேயே தொடங்கிவிடும்.

முதல் சில நாட்கள் எழுத்துப் பேச்சே வேண்டாம். உருண்டை பிடிக்கட்டும், பாம்பு உருட்டட்டும். நீளமாக, உடையாமல் பாம்பு உருட்ட வந்தபின் பிஸ்கட் பெட்டியைப் பிரித்து, உட்பக்கத்தில் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதி, அதன்மேல் பாம்பை வைக்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் 'அ'வில் தொடங்கத்தான் ஆசை. ஆனால் அதன் சுழியும் வளைவும் சின்ன விரலுக்குக் கஷ்டம். 'ட'வுக்கு இரண்டு கோடு, 'ப'வுக்கு மூன்று. 'ப'வின் வலது நுனியை உள்ளே வளைத்தால் 'ம'. புள்ளிக்குச் சின்ன உருண்டை வைத்தால் 'படம்' வந்துவிடும், இன்னொரு 'ட'வும் அதற்கொரு புள்ளியும் சேர்த்தால் 'பட்டம்'! காலிமுகத்திடலில் பட்டம் பார்த்த பிள்ளை அந்தச் சொல்லை ஆசையோடு செய்யும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இதில் உப்பு அதிகம், தின்னக் கூடாது. எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம். மற்றப் பிள்ளைகள் விளையாடும்போதும் பக்கத்தில் இருங்கள்.

முடிந்ததும் ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு, இறுக்கி மூடி ஃபிரிஜ்ஜில் வையுங்கள். கொழும்பு ஈரக் காற்றுக்கு வெளியே வைத்தால் உப்பு கசிந்து பிசுபிசுக்கும். அப்படியானால் மா தூவிப் பிசையலாம். மணம் மாறினாலோ பூஞ்சணம் பிடித்தாலோ வீசிவிட்டுப் புதிதாகக் குழையுங்கள்.