இரு பியானோ ஜாஸ் தொகுப்பைக் கேட்கும் முறை

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர்களான ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா ஆகிய இருவரும் 1978-இல் வேறு பக்கவாத்தியம் எதுவும் இன்றி இரண்டு பியானோக்களில் நிகழ்த்திய கச்சேரிகளின் பதிவைக் கொலம்பியா நிறுவனம் தொகுப்பாக வெளியிட்டது. அதை முதன்முறையாகக் கேட்க விரும்பும் புதுச்சேரிவாசிகள், மாலையில் வண்டிப் போக்குவரத்து தடைசெய்யப்படும் கடற்கரைச் சாலையே அதற்கு உகந்த இடம் என்று எண்ணக்கூடும். அங்கு வேண்டாம். அலையோசை பியானோவின் கீழ்ஸ்தாயியை விழுங்கிவிடும். வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு (மே மாதத்தில் இதை வற்புறுத்த மாட்டேன்) ஹெட்ஃபோனில் கேளுங்கள். யார் எதை வாசிக்கிறார் என்பது அதில்தான் பிரிந்து தெரியும்.

‘மெய்டன் வாயேஜ்’ என்ற உருப்படியிலிருந்து தொடங்கலாம். ஹான்காக் இயற்றி 1965-இல் ஐவர் குழுவோடு பதிவுசெய்த அதன் மூல வடிவத்தை முன்னதாகக் கேட்டுவிட வேண்டும். மெட்டு மனத்தில் பதியாமல் அதன்மேல் எழும் மனோதர்மத்தைப் பின்தொடர இயலாது. தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது கடினமன்று. பாருக்கு (மேற்கத்திய இசையின் தாள அலகு) நான்கு எண்ணிக்கையாக ஒரு சுற்றுக்கு 32 பார், அதாவது எட்டு எண்ணிக்கை ஓர் ஆவர்த்தனமாகும் ஆதி தாளத்தில் 16 ஆவர்த்தனம். ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) இரண்டு ஆவர்த்தனம் நின்ற பிறகே மாறும். முதல் நான்கு ஆவர்த்தனம் அப்படியே மீண்டும் வரும், அடுத்த நான்கு வேறு பகுதி, இறுதி நான்கில் முதற்பகுதி திரும்பிவிடும். மூலப் பதிவில் இந்தக் கணக்கைத் தாங்கப் பேஸும் டிரம்ஸும் இருந்தன. இருவர் மட்டும் வாசிக்கும்போது காலப்பிரமாணம் ஆங்காங்கே தளரும். அவ்விடங்களில் கையை நிறுத்திக்கொள்வதே நல்லது.

அடுத்த முறை, முன்னின்று ஒலிப்பவரை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் கவனியுங்கள். இந்தத் தொகுப்பின் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. 88 கட்டைகள் கொண்ட பியானோவில் ஒருவரே கீழ்ஸ்தாயிப் பேஸ், கார்ட், மெட்டு ஆகிய மூன்றையும் வாசித்துவிட முடியும் என்பதால், இருவரும் முழுமையாக வாசித்தால் ஒலி கலங்கிப்போகும். ஆகவே ஒருவர் மேல்ஸ்தாயியில் ஓடும்போது மற்றவர் எதை வாசிக்காமல் விடுவது என்பதை அந்தக் கணத்திலேயே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. நம் கச்சேரியில் கற்பனை ஸ்வரத்துக்கு வயலின் கலைஞர் தம் முறை வந்ததும் மறுமொழி தருவார். இங்கோ முறைக்குக் காத்திருப்பதில்லை. ஒருவர் சொற்றொடரை முடிப்பதற்குள் மற்றவர் இடும் ஒரு கார்ட் அதன் போக்கையே திருப்பிவிடக்கூடும்.

இதற்குக் காது பழகியபின், 1937-இல் வந்த டிஸ்னி படப்பாடலான ‘சம்டே மை பிரின்ஸ் வில் கம்’ உருப்படிக்குச் செல்லலாம். அதில் பாருக்கு மூன்று எண்ணிக்கை. ‘லா ஃபியெஸ்டா’ நீளமானது. அதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.