வீட்டு ஃபைல் சர்வரை வெளியிலருந்து திறக்கும்போது செய்ற தவறுகள்

போன வாரம் பாண்டி லாஸ்பேட்டைலருந்து தெரிஞ்ச தம்பி ஒருத்தன் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணான். ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறவன், வீட்ல பழைய டெஸ்க்டாப்ல ஃபைல் சர்வர் போட்டிருக்கான், ஃபைல எல்லாம் அதுல வச்சு மத்த மெஷின்லருந்து எடுக்கறதுக்கு. "அண்ணா, ஒரு வழியா வெளியிலருந்து வந்துடுச்சுண்ணா"ன்னு குரல்லயே அவ்ளோ சந்தோஷம். எப்படிடா வந்துச்சுன்னு கேட்டேன். "போர்ட் ஃபார்வர்டிங் என்ன பண்ணாலும் வேலைக்கு ஆவலண்ணா, அதான் டிஎம்ஜெட்ல போட்டுட்டேன்"னான். போர்ட் ஃபார்வர்டிங்னா வெளியிலருந்து ஒரு குறிப்பிட்ட போர்ட்டுக்கு, அதாவது ஒரு கதவு நம்பருக்கு, வர்றத மட்டும் ரூட்டர் உள்ள இருக்கற மெஷினுக்கு அனுப்புறது; டிஎம்ஜெட்னா எல்லா கதவையும் மொத்தமா அந்த மெஷினுக்கு திறந்து விடுறது. எனக்கு வயித்துல புளிய கரைச்ச மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா 2018ல கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்ல இதே வேலைய இதே காரணத்துக்காக நான் பண்ணி, பதினோரு கல்யாணத்தோட போட்டோவ பறிகொடுத்தேன்.

அதனாலதான் இத எழுதுறேன். பாஸ்வேர்ட் 1234ன்னு வைக்காதீங்க, அப்டேட் போடுங்கன்றதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடுறேன்.

லைன் என்ன லைன்னு பாக்காம போர்ட் ஃபார்வர்டிங்ல உக்காந்துடுறது

மூணு நாள் ரூட்டர் பேஜையே முறைச்சு பாத்துட்டு இருப்பாங்க, ரூல் எல்லாம் சரியா இருக்கும், ஆனா வெளியிலருந்து ஒண்ணும் வராது. முதல்ல ரூட்டர் ஸ்டேட்டஸ் பேஜ்ல வான் ஐபி, அதாவது ரூட்டரோட வெளிப்பக்க நம்பர், என்னன்னு பாருங்க, அப்புறம் கூகுள்ல "என் ஐபி என்ன"ன்னு தேடி அங்க வர்ற நம்பரையும் பாருங்க. ரெண்டும் வேற வேறயா இருந்து, ரூட்டர்ல இருக்கறது 100.64லருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட்டுக்கு பின்னாடி இருக்கீங்க. அதாவது தெருவுக்கே சேத்து ஒரே டோர் நம்பர், போஸ்ட்மேன் தெரு முனை வரைக்கும் வருவாரு, உங்க வீடு எதுன்னு அவருக்கு தெரியாது. நீங்க உங்க வீட்டு ரூட்டர்ல என்ன ரூல் போட்டாலும் அது செல்லாது, ஏன்னா தெரு முனைல இருக்கற கதவு நெட் கம்பெனியோடது.

வான் ஐபி 192.168ன்னு ஆரம்பிச்சா அது வேற கதை. கம்பெனிக்காரன் மாட்டின ஃபைபர் டப்பாவும் ஒரு ரூட்டர், நீங்க வாங்கி மாட்டினதும் ஒரு ரூட்டர், ரெண்டு கதவு இருக்கு, நீங்க ஒண்ணதான் திறந்திருக்கீங்க. டப்பாவ பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரூட்டர் வேலை பாக்காம லைன மட்டும் கடத்துற மாதிரி, மாத்தி குடுக்க சொல்லி கேளுங்க.

சிஜிநாட்டா இருந்தா மூணு வழி: மாசம் கூட காசு குடுத்து ஸ்டாட்டிக் ஐபி, அதாவது உங்களுக்குன்னு மாறாத ஒரு வெளி ஐபி, வாங்கலாம், லைன்ல ஐபிவி6ன்ற புது வகை ஐபி இருந்தா அத யூஸ் பண்ணலாம், இல்லன்னா டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் (வெளியிலருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள்ள போற ரகசிய சுரங்க வழி) போடலாம், அதுக்கு போர்ட்டே திறக்க வேண்டாம்.

வீட்டு வைஃபைலயே டெஸ்ட் பண்றது

பண்ணாதீங்க. நெறைய ரூட்டர் உள்ளருந்து வெளி ஐபிக்கு போற டிராஃபிக்க திருப்பி உள்ள விடாது, சரியா இருக்கறதும் தப்பா தெரியும். வைஃபை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால பாருங்க.

"சும்மா டெஸ்டுக்கு"ன்னு டிஎம்ஜெட் ஆன் பண்றது

இதுதான். இத நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஆத்திரம் வருது, ஏன்னா இப்பவும் யூட்யூப்ல போய் பாத்தா "போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யலையா, டிஎம்ஜெட் ஆன் பண்ணுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க.

என் கதைய சொல்றேன். என் மச்சினனுக்கு பாண்டி முத்தியால்பேட்டைல போட்டோ ஸ்டூடியோ. கல்யாண ஃபைல் எல்லாம் எங்க வீட்டு சர்வர்ல வச்சிருந்தோம், பழைய பிசி, உபுண்டு லினக்ஸ், ஃபைல் ஷேர் பண்ண சாம்பா, 4 டிபி டிஸ்க் ஒண்ணு, பேக்கப்புக்கு யூஎஸ்பில இன்னொண்ணு. பாண்டிலருந்து அவன் எடிட்டர் நேரா ஃபைல் எடுக்கணும்னு ஸ்டாட்டிக் ஐபி வாங்கி போர்ட் 22க்கு, அதாவது வெளியிலருந்து மெஷினுக்குள்ள லாகின் பண்ற எஸ்எஸ்ஹெச் கதவுக்கு, ரூல் போட்டேன். வரல. திரும்ப திரும்ப போட்டேன், வரல. அன்னைக்கு ராத்திரியே ஒரு ஆல்பம் டிசைனுக்கு போயாகணும், மச்சினன் வேற "மாமா ஆச்சா, மாமா ஆச்சா"ன்னு போன் மேல போன். டிஎம்ஜெட்டுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, போட்ட ரூல அழிச்சுட்டு அதுல சர்வரோட அப்போதைய ஐபிய போட்டு சேவ் குடுத்தேன், உடனே வந்துடுச்சு. காலைல எடுத்துடலாம்னு படுத்தேன். காலைல கரண்ட் பில் கட்டணும், பிள்ளைய ஸ்கூல்ல விடணும், மறந்துட்டேன். வேலை செய்ற ஒண்ண யாரு திரும்ப போய் பாக்குறது?

இதுல என் மனச அரிக்கிறது என்னன்னா, ரூல் ஏன் வேலை செய்யலன்ற காரணம் ரொம்ப சின்னது. ரூல்ல நான் போட்டது 192.168.1.7, நடுவுல கரண்ட் போய் வந்தப்ப ரூட்டர் சர்வருக்கு 192.168.1.12ன்னு வேற நம்பர் குடுத்துடுச்சு. ரூட்டர்ல சர்வருக்கு ஒரு ஐபிய ரிசர்வ் பண்ணி வச்சிருந்தா ரெண்டு நிமிஷ வேலை.

டிஎம்ஜெட் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கோங்க. வெளியிலருந்து வர்ற, வேற ரூல் எதுலயும் சேராத எல்லாத்தையும் அந்த ஒரு மெஷின் மேல தள்ளி விடும், ஒரு போர்ட் இல்ல, 65,535 போர்ட்டும். உங்க வீட்டுக்குள்ள மட்டும்தானன்னு நீங்க அசால்ட்டா விட்டு வச்ச சாம்பா, அட்மின் பேஜ், பிரிண்டர் சர்வீஸ் எல்லாம் நடுத்தெருவுக்கு வந்துடும்.

"என் ஐபி யாருக்குண்ணா தெரிய போவுது"ன்னு தம்பியும் கேட்டான். யாருக்கும் தெரிய வேண்டாம்டா. 2013லயே மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஸீமேப்னு ஒரு டூல் விட்டாங்க, ஒரு ஜிகாபிட் லைன் இருந்தா மொத்த ஐபிவி4 உலகத்தையும் ஒரு போர்ட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்குள்ள தட்டிப் பாத்துடும். உன்ன யாரும் தேடல, எல்லா கதவையும் தட்டுறாங்க, திறந்திருக்கற கதவுல நுழையுறாங்க.

இருபத்தி மூணாவது நாள் காலைல மச்சினன் போன். "மாமா, எல்லா ஃபைலுக்கும் பேரு மாறி இருக்கு, ஒண்ணும் திறக்கல." போய் பாத்தா ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், இந்த அட்ரஸுக்கு பிட்காயின் அனுப்புன்னு. யாரு லாகின் பண்ண பாத்தாங்கன்னு பதிவாகுற ஆத் லாக்க திறந்தேன். பக்கம் பக்கமா ஃபெயில்ட் பாஸ்வேர்ட், ஃபெயில்ட் பாஸ்வேர்ட்: ரூட், அட்மின், டெஸ்ட், பை, ஒரேக்கிள், ரெண்டு மூணு செகண்டுக்கு ஒரு வரி, நாள் கணக்கா. கீழ போய்க்கிட்டே இருந்தேன், ராத்திரி 3.14க்கு ஒரே ஒரு வரி மட்டும் வேற மாதிரி இருந்துச்சு, அக்செப்டட் பாஸ்வேர்ட் ஃபார் ஸ்கேன்.

ஸ்கேன்னு ஒரு யூசர். வீட்ல இருந்த ஸ்கேனர் நேரா சர்வர்ல ஃபைல் போடுறதுக்காக நான்தான் உருவாக்கினேன், பாஸ்வேர்டும் ஸ்கேன்தான். வீட்டுக்குள்ளதானன்னு வச்சது. அந்த யூசர் கைல அவ்ளோ ஃபைல் எப்படி மாட்டுச்சுன்னா, பெர்மிஷன் பிரச்சனை வந்தப்பல்லாம் மொத்த ஃபோல்டருக்கும் 777, அதாவது எந்த யூசரும் படிக்கலாம் மாத்தலாம்னு, அடிச்சு விட்டிருந்தேன். யூஎஸ்பி டிஸ்க்கும் அதே மெஷின்ல மவுண்ட் ஆகி, அதே 777ல. ஒரிஜினலும் பேக்கப்பும் ஒரே ராத்திரில போச்சு.

காசு அனுப்பல. கேமரா கார்டெல்லாம் அடுத்த ஆர்டருக்கு ஃபார்மேட் பண்ணியாச்சு. பதினொண்ணுல ஏழு கல்யாணத்துக்கு ஆல்பமாவது குடுத்து முடிச்சிருந்தோம், நாலுக்கு கைல ஒண்ணும் இல்ல. அதுல கடலூர் ஓல்ட் டவுன்காரங்க ஒருத்தர், பொண்ணோட அப்பா, கடைக்கு வந்தாரு. சத்தம் போடல. "தாலி கட்டும்போது எடுத்தது ஒண்ணாவது இருக்கா தம்பி"ன்னு மட்டும் கேட்டாரு. சாம்பிளுக்குன்னு வாட்ஸ்அப்ல அனுப்பின ஒம்போது படம் இருந்துச்சு, அதுல தாலி கட்டுறது இல்ல. அட்வான்ஸ திருப்பி குடுத்தோம், சொந்தக்காரங்க மொபைல்ல எடுத்தத வாங்கி ஒரு ஆல்பம் போட்டு குடுத்தோம். அவரு வாங்கிட்டு போனாரு. அதுக்கு மேல என்ன செய்ய முடியும்.

காசு குடுத்து வாங்கின நாஸ் டப்பா, அதாவது ரெடிமேட் ஃபைல் சர்வர்னா சேஃப்னு நெனைக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். 2022 ஜனவரில டெட்போல்ட்னு, ஃபைல பூட்டிட்டு காசு கேக்குற ஒரு ரேன்சம்வேர் க்யூநாப் நாஸ் பெட்டிங்கள குறி வச்சு வந்துச்சு. மாட்டினது இன்டர்நெட்டுக்கு நேரா திறந்து விட்டிருந்த பெட்டிங்க.

ரெய்டு போட்டாச்சு, பேக்கப் எதுக்கு?

வீட்ல போடுற ரெய்டுன்னா ஒரே ஃபைல ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல எழுதுறது, ஒரு டிஸ்க் செத்தா காப்பாத்தும். நீங்க அழிச்சாலோ, எவனோ என்கிரிப்ட் பண்ணாலோ, அந்த நொடியே ரெண்டு டிஸ்க்லயும் அதே நடக்கும்.

யூபிஎன்பி

வீட்ல இருக்கற டிவைஸ் கேட்டா ரூட்டர் தானா போர்ட்ட திறந்து விடுற வசதி இது. ஆஃப் பண்ணுங்க.

விபிஎன் போட்டும் கோட்டை விடுறது

ஃபைல் சர்வர வெளிய காட்டாதீங்க, நீங்க உள்ள போங்க. ஸ்டாட்டிக் ஐபியோ ஐபிவி6மோ இருந்தா வயர்கார்ட்ன்ற விபிஎன் போதும், யூடிபில ஒரே ஒரு போர்ட், வழக்கமா 51820. சாவி இல்லாம எவன் தட்டினாலும் அது பதிலே சொல்லாது, தட்டினவனுக்கு அங்க ஒரு கதவு இருக்குன்றதே தெரியாது. மெஷினுக்கு ஒரு சாவி போடுங்க, வீட்டுக்கே ஒரே சாவி போட்டு எல்லா போன்லயும் காப்பி பண்ணாதீங்க, ஒரு போன் தொலைஞ்சா அந்த சாவிய மட்டும் எடுத்துட்டு போய்க்கிட்டே இருக்கலாம்.

இங்க எல்லாரும் மாட்டுற ஒரு இடம் இருக்கு. விபிஎன் கனெக்ட் ஆகும், ஆனா சர்வர் வராது, அதுவும் வீட்ல வந்தது ஆபீஸ்ல மட்டும் வராது. வீட்டு நெட்வொர்க்கும் 192.168.1, ஆபீஸ் நெட்வொர்க்கும் 192.168.1, லேப்டாப் 192.168.1.12ஐ பக்கத்து டேபிள்ல தேடிட்டு இருக்கும். வீட்டு நெட்வொர்க்க முதல் நாளே 192.168.57ன்ற மாதிரி யாரும் வைக்காத நம்பருக்கு மாத்திடுங்க, பத்து டிவைஸ் சேத்தப்புறம் மாத்துறது பெரிய தலைவலி.

டெயில்ஸ்கேல் போட்டவங்களுக்கு ஒரு விஷயம், அது குடுக்கற ஐபியும் 100லதான் ஆரம்பிக்கும், அத பாத்துட்டு சிஜிநாட்னு பயப்படாதீங்க.

அப்லோட் ஸ்பீட கேக்காம பிளான் வாங்குறது

வெளியிலருந்து நீங்க டவுன்லோட் பண்றது வீட்டு லைனுக்கு அப்லோட். அப்லோட் 10 எம்பிபிஎஸ்னா 10 ஜிபி ஆல்பம் வர ரெண்டே கால் மணி நேரம்.

இன்வெர்ட்டர் இருக்குன்னு யூபிஎஸ் இல்லாம விடுறது

நம்ம ஊர்ல கரண்ட் போற அழகு தெரியும். இன்வெர்ட்டர் மாறுற அந்த கண் சிமிட்டுற நேரத்துல பிசி ரீஸ்டார்ட் ஆயிடும். சின்ன யூபிஎஸ் ஒண்ணு சர்வருக்கும் ஃபைபர் டப்பாவுக்கும் சேத்து போடுங்க, டப்பாவ மறந்துட்டா சர்வர் ஓடிட்டு இருக்கும் நெட் இருக்காது. பயாஸ்ல கரண்ட் திரும்ப வந்தா தானா ஆன் ஆகுற ஆப்ஷன் இருக்கும், அதையும் போட்டு வைங்க, இல்லன்னா நீங்க சென்னைல இருக்கும்போது வீட்ல பட்டன் அமுக்க ஆள் தேடணும். கடலுக்கு கிட்ட இருக்கறவங்க மாசம் ஒரு தடவ கேபினட்ட திறந்து பாருங்க, தேவனாம்பட்டினத்துல ஒரு வீட்ல ரெண்டே வருஷத்துல போர்ட் மேல பச்சை பூத்து கிடந்தத பாத்திருக்கேன்.

பேக்கப்ப ஒரே ஊர்ல வைக்கிறது

2024ல ஃபெஞ்சல் புயல் கரைய கடந்தப்ப பாண்டில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல மழை. ஸ்டூடியோக்குள்ள முழங்கால் தண்ணி, தரைல இருந்த சிபியு ரெண்டு போச்சு. ஒரு ஃபைல் கூட போகல, ஏன்னா இப்ப ரெண்டு பேக்கப் டிஸ்க் வச்சிருக்கேன், ஒண்ணு மஞ்சக்குப்பத்துல பீரோக்குள்ள, ஒண்ணு பண்ருட்டில மாமியார் வீட்ல, காப்பி ஓடுற நேரம் தவிர ரெண்டும் எந்த மெஷின்லயும் மாட்டி இருக்காது.

லாஸ்பேட்டை தம்பிய அன்னைக்கு ராத்திரி போன வைக்க விடல, டிஎம்ஜெட்ட எடுக்க வச்சு, ஆத் லாக்க திறந்து படிக்க சொன்னேன். போட்டு நாலு நாள்தான் ஆயிருந்துச்சு. படிக்க ஆரம்பிச்சவன் கொஞ்ச நேரத்துல நிறுத்திட்டான், "அண்ணா, இது முடியவே மாட்டேங்குதுண்ணா"ன்னான். அக்செப்டட்னு தேடிப் பாருடான்னேன். அவனோட சொந்த லாகின் மட்டும்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நானே பைக்க எடுத்துட்டு போய் வயர்கார்ட் போட்டு குடுத்துட்டு வந்தேன்.