ஜகார்த்தா வரும் சைவ உணவுக்காரர்களே, காடோ காடோவைக் கேட்டு வாங்குங்கள்

இங்கே தங்குவதற்கான கிடாஸ் அனுமதியை நீங்கள் வேலைக்குச் சேரும் அலுவலகமே பார்த்துக்கொள்ளும். பருப்பு, பெருங்காயத்துக்குப் பாசார் பாரு பக்கம் இந்தியக் கடைகள் உண்டு. நான் சொல்ல வந்தது மதியச் சாப்பாட்டைப் பற்றி.

காடோ காடோ இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும். வேகவைத்த கீரை, முளைப்பயறு, முட்டைக்கோஸ், பொரித்த தாஹு (டோஃபு), சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே, வாழையிலையில் வெந்த லொந்தோங் சோற்றுக்கட்டி. மேலே கெட்டியான வேர்க்கடலைக் குழம்பு. முட்டையை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டு மூன்று மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஒரு நாள் கூட்டமில்லை, கிட்டே போய் நின்றேன். கடலை அரைக்கும் கல்லில் கடைக்கார அம்மா பழுப்பாக எதையோ கிள்ளிப் போட்டார். தெராசி! இறாலைப் புளிக்கவைத்துக் காயவைத்த விழுது. மலேசியாக்காரர்கள் பெலாச்சான் என்பார்களே, அதுதான். அவர் ஏமாற்றவில்லை. நமக்குப் பெருங்காயம் எப்படியோ, அவருக்குத் தெராசி அப்படி.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. சோறு, ஊறுகாய், உருளைக்கிழங்கு என்றே ஓட்டினேன். சாயங்காலமானால் உடம்பு துவண்டுவிடும். வீடியோ காலில் அம்மா என் முகத்தைப் பார்த்து அழுதார். விட்டது எவ்வளவு நல்ல சாப்பாடு என்று அப்புறம்தான் புரிந்தது. நூறு கிராம் தெம்பேயில் சுமார் 19 கிராம் புரதம். முழு சோயாவைப் புளிக்கவைப்பதால் எளிதில் செரிக்கும், அதிலுள்ள இரும்புச்சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும். கூடவே கீரை, கடலை. நம் சாம்பார் சாதத்தில்கூட இவ்வளவு புரதம் வராது.

ஆகவே விடாதீர்கள். பல கடைகளில் ஒவ்வொரு தட்டுக்கும் புதிதாக அரைப்பார்கள். கல்லில் கை வைக்கும் முன்பே "ஜாங்ஙான் பாக்காய் தெராசி, இபு" (தெராசி போடாதீங்க அம்மா) என்று சொல்லிவிடுங்கள். முன்பே அரைத்து வைத்த குழம்பென்றால் வாங்காதீர்கள். மேலே வைக்கும் அப்பளமும் பெரும்பாலும் இறால் சேர்ந்தது. எம்ப்பிங் கேளுங்கள், அது ஒரு கொட்டையைத் தட்டிச் செய்வது. பி12 சத்துக்குக் காடோ காடோவை நம்ப முடியாது, பால் தயிரை விடாதீர்கள்.

குழம்பில் பனைவெல்லம் தாராளமாக விழும். சர்க்கரை நோயுள்ள அப்பா வந்தபோது "குலா செடிகிட்" என்று குறைக்கச் சொன்னேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உங்க பாட்டி அரைக்கிற கடலைத் துவையல் மாதிரியே இருக்குடா" என்றார். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.